பதினெட்டு மூட்டைக் கூளம்

ஃபென்னா வோல்டரிங்க் என்ற விதவைக்கு நான் பதினெட்டு டாலர் கடன்பட்டிருந்தேன். 1951 ஆகஸ்டு முதல் மறு வருஷம் ஏப்ரல் வரை, எட்டு மாதம் கொடுக்காமல் இழுத்தடித்தேன். வாங்கிய சரக்கு, அவள் கோழிக்கொட்டகைத் தரையில் கிடந்த பழைய கூளம். வைக்கோலும் எச்சமும் சேர்ந்து மக்கியது. மூட்டை ஒரு டாலர்.

இதை எழுதுகிற ஹார்ம் டிம்மருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பதிமூன்று வயதில் அடுத்தவன் செலரிக் கீரை வயலில் மண்டியிட்டுக் களை பிடுங்கியவன் நான். இன்றைக்கு என் கொட்டகைகளில் நாற்பதாயிரம் முட்டைக்கோழி நிற்கிறது. எங்கள் ஊர் ஜீலண்டில் என் பெயர் போட்ட முட்டைப்பெட்டி இல்லாத கடையை யாராவது காட்டினால் அவனுக்கு ஒரு பெட்டி இலவசமாகத் தருகிறேன். யாரும் எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். அது உண்மைதான். ஃபென்னா அத்தையும் சும்மா கொடுக்கவில்லை. நான்தான் சும்மா எடுத்துக்கொண்டேன்.

ஊரில் எல்லாருக்கும் அவள் அத்தைதான். பதினாலு வயதில் குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் ஊரிலிருந்து ரயிலேறிக் குஞ்சு போகாத மாநிலம் அப்போது கிடையாது. பிறந்து ஒரு நாளான குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் எண்ணிப் போடுவது அவள் வேலை. ஒரு கைக்கு ஐந்து, இரண்டு கைக்குப் பத்து. வாய்விட்டு எண்ணுவாள். வழியில் சாகிறதற்கென்று நூற்றுக்கு இரண்டு கூடப் போட வேண்டும். இருபது வருஷத்தில் அந்த இரண்டை அவள் ஒரு தடவைகூட மறந்ததில்லை. அயோவாவிலிருந்து ஒருத்தன் ஒரு குஞ்சு குறைகிறது என்று கடிதம் எழுதினானாம். அந்தப் பெட்டியை எண்ணியது ஃபென்னா என்று தெரிந்ததும் முதலாளி, "உன் வீட்டுப் பூனையை விசாரி" என்று பதில் போட்டாராம்.

முப்பத்தைந்து வயதில்தான் கல்யாணம். புருஷன் லம்பர்ட் அதிகம் பேசாத மனுஷன். பத்து ஏக்கர் நிலம், நூற்று நாற்பது கோழி, பிள்ளை இல்லை. முட்டையைப் பொரிப்பகத்துக்கே விற்றார்கள். 1946-இல் லம்பர்ட் மாரடைப்பில் போனான். அடுத்த ஜனவரியில் அத்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, கோணலாக. அதற்குப் பிறகு இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் நடப்பாள்.

அவளுடைய அவமானம் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் சபை ஆட்களுக்குச் சுத்தம் என்பது ஞானஸ்நானத்துக்கு அடுத்த சங்கதி. சனிக்கிழமை வாசற்படியைத் தேய்க்காத வீடு கிடையாது. கோழிக்கொட்டகையைக்கூட வருஷத்துக்கு இரண்டு தடவை தரை தெரிய வாரிக் கொட்டி, சோடாக்காரம் கரைத்த காரத்தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு அடிப்போம். ஒருவனுடைய கொட்டகைத் தரையில் தட்டு வைக்காமல் சாப்பிடலாம் என்று சொன்னால் அதற்கு மேல் புகழ்ச்சி இல்லை. என்னைப் பற்றி அப்படிச் சொன்னார்கள்.

அத்தையால் கூளம் வாருகிற கவைக்கோலைத் தூக்க முடியவில்லை. கூலி கொடுக்கவும் வழியில்லை. பழைய கூளத்தின் மேலேயே புது வைக்கோலைத் தூவிவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஒரு கம்பால் கிளறிவிடுவாள். நாலு வருஷம் அப்படியே. கூளம் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. வீட்டு வாசற்படியை மட்டும் முக்காலியில் உட்கார்ந்து பளபளவென்று தேய்த்துவிடுவாள். அதைப் பார்க்க ஆளில்லை. கொட்டகையைப் பற்றிப் பேச ஊரே இருந்தது.

"வோல்டரிங்க் வீட்டுக் கோழிக்கெல்லாம் கூரை இடிச்சு மண்டை வீங்கிப்போச்சாம்" என்று தீவன மில்லில் ஒருவன் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அந்த ஒருவன் நான்.

ஐம்பத்தொன்று மார்ச்சில் வங்கியில் மூவாயிரத்து நானூறு டாலர் வாங்கிப் புதுக்கொட்டகை கட்டினேன். சிமெண்டுத் தரை. ஆயிரத்து இருநூறு பெட்டைக்குஞ்சு இறக்கினேன். தரையில் புது மரச்சீவல், சுவரில் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு. குஞ்சுக்கு நாலு வாரம் ஆனபோது கெசினா, என் மனைவி, தண்ணீர் வைக்கப் போனவள் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. சுவத்தைப் பாருங்க."

வெள்ளைச் சுவரில் கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்புப் புள்ளி. ஒன்றின் கால்விரலை ஒன்று கொத்திக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் வால் இறகு. அதற்கடுத்த வாரம் பின்புறத்தைக் கொத்திக் குடலை வெளியே இழுக்க ஆரம்பித்தன. ஒன்றைத் தனியே எடுத்து வைத்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் தீவனம் நிறைய இருந்தது, இடம் இருந்தது.

நான் சும்மா இருக்கிறவனா? காயத்தில் தார் பூசினேன். தாரோடு சேர்த்துக் கொத்தின. தண்ணீரில் உப்புக் கரைத்தேன். ரத்தம் தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். அதில் எனக்குத்தான் எதுவும் தெரியாமல் வாளியில் இடறி விழுந்தேன். கடைசியில் கோழி மூக்கில் மாட்டுகிற தகரக் கண்ணாடி வரவழைத்தேன். எதிரே இருப்பது தெரியாமல் பக்கவாட்டில் மட்டும் பார்க்கும்படி செய்தது. நானும் கெசினாவும் மூன்று நாள் உட்கார்ந்து மாட்டினோம்.

"எல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியே இருக்கு" என்றாள் கெசினா. "நம்ம வீட்டுல படிச்சவங்க இல்லைங்கிற குறை தீர்ந்துபோச்சு."

வாத்தியார்கள் தலையைச் சாய்த்துக் குறிபார்த்துக் கொத்தின. ஜூலை முடிவில் நானூற்றுப் பத்து செத்திருந்தது. மிச்சத்தைக் கறிக்குத் தள்ளினேன். வங்கி மேலாளர் நாற்காலியைக்கூடக் காட்டாமல் பேசினார். ஆகஸ்டில் இன்னொரு ஈடு குஞ்சு இறக்கலாம். அது ஜனவரியில் முட்டை வைக்காவிட்டால் கொட்டகையும் நிலமும் அவர்களுக்கு.

"ஃபென்னா அத்தை கோழியை ஒரு தடவை போய்ப் பாருங்க" என்றாள் கெசினா. "அங்கயிருந்து நான் அடைக்கோழி வாங்கியிருக்கேன். ஒண்ணு மேல ஒரு காயம் கிடையாது."

"அந்தக் குப்பைமேட்டையா?"

"உங்க அரண்மனையில நானூத்திப் பத்து பொணம் விழுந்திருக்கு. குப்பைமேட்டைப் பார்த்தா கண்ணு அவிஞ்சிடாது."

போனேன். கதவைத் திறந்ததும் நாற்றம் அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மழை பெய்த காட்டு மண் வாசனைதான் வந்தது. அத்தை வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கோழிகள் கூளத்தைக் கிளறிக்கொண்டும், குழி பறித்துப் படுத்து இறகை உதறிக்கொண்டும் இருந்தன. ஒன்று அவள் செருப்பின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது கோழி இருக்கிற இடத்தில் அப்படி ஒரு மெல்லிய முணுமுணுப்பை நான் கேட்டதில்லை. என் கொட்டகையில் நாளெல்லாம் அலறல்தான்.

"கூரையில இடிக்கலை பாரு" என்றாள் அத்தை.

மில்லில் சொன்னது அவள் காதுக்கு வந்திருக்கிறது.

"கொத்திக்கறதில்லையா அத்தை?"

"லம்பர்ட் இருந்தப்போ கொத்தும். வருஷம் ரெண்டு தடவை வாரிச் சுத்தம் பண்ணுவான். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஈட்டுக் குஞ்சுல பத்து இருபது போகும். நான் விழுந்த பிறகு வாரலை. கொத்தறதும் நின்னுபோச்சு. முதல்ல தற்செயல்னு நினைச்சேன். நாலு வருஷமாவா தற்செயல்?"

"எதனாலன்னு நினைக்கறீங்க?"

"நான் என்ன டாக்டரா? இருபது வருஷம் பெட்டியில குஞ்சு எண்ணினவ. அதுக ஒண்ணுக்கும் அம்மா கிடையாது. மெஷின்ல பொரிஞ்சு, அட்டைப்பெட்டியில ஏறி, உன் சிமெண்டுல இறங்குது. தாய்க்கோழிகிட்ட வளர்ற குஞ்சு என்ன பண்ணும் தெரியுமா? முதல் நாளே தாயோட எச்சத்தைக் கொத்தும். வாயில மண்ணோட அள்ளும். தாய் வயித்துல இருக்கிற ஏதோ ஒண்ணு அப்படித்தான் குஞ்சு வயித்துக்குப் போகுது. அது போகலைன்னா வயிறு அமைதியா இருக்காது. வயிறு அமைதியா இல்லைன்னா புத்தி இருக்குமா? எனக்கே பல்வலி வந்தா ஊரைக் கொத்தணும்போல இருக்கும்."

நான் கூளத்தைக் கையில் அள்ளிப் பார்த்தேன். தூளாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"பதினெட்டு மூட்டை வேணும்" என்றேன்.

"மூட்டை ஒரு டாலர்."

"எச்சத்துக்கா? நான் வண்டி வண்டியா வயல்ல கொட்டறேன்!"

"கொட்டினியே, அதான் இங்க வந்து நிக்கறே."

ஒப்புக்கொண்டேன். அவள் கம்பால் இடம் காட்டினாள். "அந்த மூலையில உலர்ந்ததை எடு. தண்ணித்தொட்டி பக்கம் ஈரமா இருக்கறதைத் தொடாதே, ரத்தக்கழிச்சல் வரும்." நானே அள்ளிக் கட்டினேன். மூட்டைகளை வண்டியில் ஏற்றி, யார் கண்ணிலும் படாமலிருக்க மேலே சோளச்சாக்கு பரப்பினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசை அடுத்த வாரம் தரேன் அத்தை."

"தா. ஆனா இங்க வேணாம். சனிக்கிழமை மில்லுக்கு வருவேன், அங்க நாலு பேர் முன்னாடி தா. சரக்கைத்தான் மூடி எடுத்துட்டுப் போறே. காசையும் மூடித் தராதே."

அந்தச் சனிக்கிழமை நான் மில்லுக்குப் போகவில்லை.

பதினெட்டு மூட்டை பாதிக் கொட்டகைக்குத்தான் வந்தது. நடுவில் பலகை அடித்தேன். தெற்குப் பக்கம் அவள் கூளத்தைப் பரப்பினேன். வடக்கே புது மரச்சீவல். ஒரே பொரிப்பகம், ஒரே நாள் பொரிந்த குஞ்சு, ஒரே தீவனம். இரண்டு பக்கமும் அறுநூறு. ஐந்தாம் வாரம் வடக்கே சுவரில் சிவப்புப் புள்ளி வந்தது. தெற்கே வரவில்லை. குஞ்சுகள் கூளத்தைக் கிளறிக்கொண்டு, நான் உள்ளே போனால் பதறிப் பறக்காமல் என் பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தன. கிறிஸ்துமஸ் வரைக்கும் வடக்கே நூற்றுத் தொண்ணூறு போயிற்று. தெற்கே பதினொன்று. தெற்குக் கூளத்தை அள்ளி வடக்கேயும் போட்டேன். வளர்ந்துவிட்டவற்றுக்கு அது அவ்வளவாக உதவவில்லை. ஆனாலும் ஜனவரியில் தெற்கே வந்த முட்டையே வங்கிக்குப் போதுமானதாக இருந்தது.

போன வருஷம் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து என் கோழிகளின் எச்சத்தைச் சின்னச் சின்னக் குழாயில் அடைத்துக்கொண்டு போனாள். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம், நல்லதும் கெட்டதும். அவை சரியாக அமையாத கோழிக்குப் பயமும் படபடப்பும் கூடலாமாம், மற்றதைக் கொத்தலாமாம். இன்னும் ஆராய்கிறோம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றாள். படித்தவர்கள் அப்படித்தான் பேச வேண்டும். நான் உறுதியாகச் சொல்லுவேன். என்னிடம் நடுவில் பலகை அடித்த கொட்டகை இருந்தது.

ஆனால் அன்றைக்கு நான் வேறு விதமாகச் சொன்னேன். மில்லில் எல்லாரும் கேட்டார்கள், அந்தக் குளிர்காலத்தில் பாதி ஊருக்குக் கொத்துநோய். "என்னய்யா ஹார்மு, உன்னுது மட்டும் எப்படி?"

"கண்ணு" என்றேன். "குஞ்சை இறக்கும்போதே பார்த்துத் தெரிஞ்சுக்குவேன்."

பேர் வந்துவிட்டது. அத்தைக்குத் தபாலில் பதினெட்டு டாலர் காசோலை அனுப்பினேன். பணமாக மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பேரை வைத்துத்தான் ஜனவரியில் என்னைச் சபையின் தர்மக்காசைப் பார்த்துக்கொள்ளும் டீக்கனாகத் தேர்ந்தெடுத்தார்கள், முப்பது வயதில்! அந்த வயதில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் ஆத்துமாவின் நலம் விசாரிப்பது எங்கள் சபை வழக்கம். விதவை வீடென்றால் மூப்பரோடு ஒரு டீக்கனும் போக வேண்டும். மார்ச் மாதம் மூப்பர் தூனிஸ் க்ளோஸ்டர்மனோடு நான் போனது ஃபென்னா அத்தை வீட்டுக்கு. தூனிஸ் நல்லவர்தான். நாற்பது வருஷமாகக் கொட்டகை தேய்த்த கை.

அத்தை காப்பியும் ரஸ்க்கும் வைத்தாள். தூனிஸ் ஜெபத்தைப் பற்றிக் கேட்டார், வேதவாசிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஃபென்னா, கொட்டகை விஷயம். ஊரே பேசுது. பொரிப்பகத்துக்காரங்களும் சுத்தம் பண்ணினாத்தான் முட்டை எடுப்போம்கறாங்க. உன்னால முடியாதுன்னு தெரியும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை நாங்க ஆறு பேர் வந்து வாரிக் கழுவிக் கொடுத்துடறோம். கூலி வேணாம்."

"வாராதீங்க தூனிஸ். வாரினா அடுத்த ஈடு ஒண்ணையொண்ணு தின்னும். எனக்கு வேற வரும்படி இல்லை."

"அப்படி ஏதாவது ஆனா சபை இருக்கு. மாசம் எட்டு டாலர் டீக்கன்மார் கொடுப்பாங்க. இதோ ஹார்மு இருக்கான்."

"இருபது வருஷம் கூலிக்கு எண்ணினவ நான். தர்மக்காசை எண்ணத் தெரியாது."

"உன் கொட்டகையாலதான் கோழி நல்லாருக்குன்னு யாரு சொன்னா?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ரஸ்க்கைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தேன். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்து முங்கிப்போயிற்று. நான் கரண்டியால் அதைத் தேடினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பேர் அங்கேயே கிழிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

"யாரும் சொல்லலை" என்றாள்.

வாசலில் தூனிஸ் முன்னால் நடந்ததும் மெதுவாக, "பதினெட்டு, ஹார்மு" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கெசினாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தம்மா பேரைக் காப்பாத்திக்க ஒரு வார்த்தை போதும். உங்க பேரைக் காப்பாத்தறதுக்கு அதையும் முழுங்கிட்டாங்க. நீங்க ரஸ்க் முழுங்கினீங்க."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை. தெளிந்த காலை. நான் போனபோது ஐந்து பேர் கவைக்கோலோடு கொட்டகை முன் நின்றார்கள். தூனிஸ் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார். காரத்தண்ணீர் பீப்பாய் தயார். அத்தை வாசலில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், தன் அழுக்குத் துணியை ஊரார் துவைப்பதைப் பார்க்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. உள்ளே கோழிகள் முணுமுணுத்தன.

"வாப்பா டீக்கன், உன் கவைக்கோல் எங்க?" என்றார் தூனிஸ்.

"கொண்டுவரலை."

"கையாலயா அள்ளப்போறே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அத்தை முன்னால் போய் நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கவர்னர் உட்கார்ந்திருந்த மேடையிலும். அந்த ஆறு பேருக்கு முன்னால் பேசியதுதான் கஷ்டம்.

"கையை நீட்டுங்க அத்தை."

"எதுக்கு?"

"கடன்."

"என்ன கடன்னு சொல்லு. இவங்களுக்கும் காது இருக்கு."

"போன ஆகஸ்டுல உங்க கொட்டகையிலேர்ந்து பதினெட்டு மூட்டைக் கூளம் எடுத்துட்டுப் போனேன்" என்றேன், தூனிஸைப் பார்த்து. "சோளச்சாக்கு போட்டு மூடி எடுத்துட்டுப் போனேன். அதைப் போட்ட பக்கம் பதினொண்ணு செத்தது. போடாத பக்கம் நூத்தித் தொண்ணூறு. என் கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. இந்தக் கூளம்தான் என் நிலத்தை வங்கிகிட்டேர்ந்து மீட்டது."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தூனிஸுக்கு இருநூறு கோழி போயிருந்தது, எல்லாருக்கும் தெரியும்.

"குப்பைக்கா காசு கொடுக்கறே?"

"உங்க கவைக்கோல் நுனியில ஒட்டியிருக்கே மூப்பரே, அதுவே பத்து சென்ட் பெறும். சிந்தாதீங்க."

அவர் கவைக்கோலைப் பார்த்தார். அதை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தார்கள். தூனிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"பொரிப்பகத்துல நான் பேசிக்கறேன். மூட்டை இப்பவும் ஒரு டாலர்தானா, ஃபென்னா?"

"பழைய கணக்கு முடியட்டும். அப்புறம் புது விலை சொல்றேன்."

கையை நீட்டினாள். அகலமான கை, ஐந்து குஞ்சு பிடிக்கிற கை. விரலெல்லாம் விரிந்திருந்தது. நான் நோட்டுகளைச் சேர்த்து வைக்கப் போனேன்.

"ஒண்ணொண்ணா வை. வாய்விட்டு எண்ணு."

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் உதடும் கூடவே அசைந்தது. பத்தாவது நோட்டில் காற்று அடித்தது; கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதினாறு, பதினேழு. கடைசி டாலருக்கு என்னிடம் நோட்டு இல்லை, இரண்டு அரை டாலர் வெள்ளிக்காசுதான் இருந்தது. இரண்டையும் நோட்டின் மேல் வைத்துப் பதினெட்டு என்றேன்.